கல்லாறும் கணிப்பொறியும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறுவோர், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் கல்லாறு என்னும் சிற்றூரைக் காண்பர். மேட்டுப்பாளையத்தை அடுத்து நீலகிரி மலை ரயில் பாதையிலும் ஒரு கல்லாறு உண்டு. நாம் கூறுவது கேரளத்துக் கல்லாற்றை. பெயர் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொது. பொருள் சொல்ல அகராதி வேண்டா. உருண்டு வழவழத்த கற்களே ஆற்றின் படுகை. மலைமேல் பெய்த மழை, கீழே வெயில் காயும்போதே வெள்ளமாக இறங்கிவிடும். நீராட இறங்கியோரை அது அடித்துச் சென்றதும் உண்டு.

இத்தகைய ஆற்றங்கரையில், நீரின் இரைச்சலைக் கேட்டே வெள்ளத்தை முன்னறிவிக்கும் ஒரு சிறு கருவியை மரத்தில் கட்டுவதாகக் கொள்வோம். ஒலியைப் பிரித்தறிய இக்காலத்தில் ‘நரம்பு வலை’ எனப்படும் கணக்கு முறை உதவுகிறது. ஆனால் அக்கணக்கை எங்கே போடுவது? தொலைவிலுள்ள பெருங் கணிப்பொறிக்கு ஒலியை அனுப்பி விடை பெறலாம். காட்டில் தொடர்பு அறுந்தால் விடை வாராது. தொடர்பு அறுவதோ பெரும்பாலும் மழை நாளில்தான். ஆகவே கணக்கு அங்கேயே, சிறு மின்கல ஆற்றலில், குறைந்த விலைப் பொறியில் நடைபெற வேண்டும். இவ்வேலைக்கான பொறிகள் நம் நாட்டில் எவ்வாறு உருவாயின என்பதே இன்றைய பேச்சு. அயல் மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இது தொலைவுக் கதையன்று. பெங்களூர், புணே, திருவனந்தபுரம் என உங்களுள் பலர் குடியிருக்கும் நகரங்களில் நடந்த கதை.

முதலில் நரம்பு வலை யாதெனப் பார்ப்போம். மூளை நரம்பணுவைக் கணக்கு வடிவில் எழுதலாம் என 1943-இல் மக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர் காட்டினர். ஒவ்வோர் அணுவும் தனக்கு வரும் எண்களை ஒவ்வோர் எடையால் பெருக்கிக் கூட்டுகிறது. கூட்டுத்தொகைக்கேற்ப அடுத்ததற்கு ஓர் எண்ணை அனுப்புகிறது. பெருக்கலும் கூட்டலுமே பெரும்பகுதி. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குத்தான். அது கோடிக்கணக்கில் வருவதே தொல்லை. எனினும் அக்கணக்குகளுட் பல ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதில்லை. நாற்று நடவில் பலர் ஒரே வேளையில் குனிந்து நடுவதுபோல, பல சிறு பொறிகள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இப்பங்கீட்டு முறை நம் நாட்டில் நரம்பு வலைக்காகப் பிறந்ததன்று, இல்லாமையிற் பிறந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தில், விமானத்தின் மீது காற்று பாயும் விதத்தைக் கணக்கிட வேண்டியிருந்தது. பெரும்பொறி வாங்க வழியில்லை. நான்கு சாதாரணச் செயலிகளை இணைத்து 1986-இல் ‘ஃப்ளோசால்வர்’ என்னும் பொறியை அமைத்தனர். இந்தியாவின் முதல் இணைநிலைக் கணிப்பொறி எனப் போற்றப்படுவது அதுவே.

அதே காலத்தில் அமெரிக்கா, நாம் கேட்ட கிரே கணிப்பொறியைத் தயங்கித் தயங்கி, விரும்பியதினும் சிறியதாக, வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்னும் நிபந்தனையோடு தந்தது. அந்த மனக்கசப்பின் விளைவாக 1988-இல் புணேயில் சி-டாக் நிறுவனம் எழுந்தது. தலைமை ஏற்ற விஜய் பட்கர் அதற்குமுன் திருவனந்தபுரத்து மின்னணு ஆராய்ச்சி வளர்ச்சி மையத்தில் பணியாற்றியவர். 1991-இல் ‘பரம் 8000’ வெளிவந்தது. அதனுள் இருந்தவை டிரான்ஸ்பியூட்டர் எனப்படும் சிறு செயலிகள். தம்முள் நேரே பேசிக்கொள்ளும் இணைப்புகள் உடையவை.

இதை வெற்றி வரலாறாக மட்டும் கூறுவது வழக்கம். நாம் இங்கே சற்று நிற்க விரும்புகிறோம். டிரான்ஸ்பியூட்டர் நம்முடையதன்று, பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனத்தது. அந்நிறுவனம் 1989-இலேயே கைமாறியிருந்தது. சில ஆண்டுகளில் அச்செயலி வரிசையும் நின்றுபோயிற்று. பரம் பொறியாளர் வேறு அயல்நாட்டுச் செயலிகளை நாட வேண்டியதாயிற்று. வேலையைப் பங்கிடும் திறம் நம்மிடம் இருந்தது. பங்காளிகள் பிறர் வீட்டார்.

இருபதாண்டு கழிந்தும் நிலை அதுவே. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2011 மே 2-ஆம் நாள் ‘சாகா 220’ தொடங்கி வைக்கப்பட்டது. ஏவுகலக் கணக்குகளுக்கான அப்பொறியில் 400 செயலிகளும், கணிப்பொறித் திரையில் படம் தீட்டவென்று பிறந்த வரைகலைச் செயலிகள் 400-உம் இருந்தன. உச்ச வேகம் 220 டெராஃப்ளாப். அதாவது நொடிக்கு 22 லட்சம் கோடி × 10 கணக்குகள். ஆன செலவு ஏறத்தாழ 14 கோடி ரூபாய். மின்சாரம் 150 கிலோவாட். சிக்கனம் பாராட்டத்தக்கது. செயலிகளோ இன்டெல், என்விடியா நிறுவனங்களுடையவை.

மறு ஆண்டிலேயே அவ்வகை வரைகலைச் செயலிகள் நரம்பு வலையின் தலைவிதியை மாற்றின. டொரான்டோவில் மூவர், ஆறு கோடி எடைகள் கொண்ட வலையை இரு பாதியாக்கி, விளையாட்டுக் கணிப்பொறிக்கான இரு அட்டைகளில் இட்டு, ஐந்தாறு நாளில் படங்களை இனங்காணப் பழக்கினர். அதே 2012-இல் வேறொரு குழு ஆயிரம் கணிப்பொறிகளைக் கொண்டு செய்த பெருஞ்சோதனையின் அளவிலான வலையை, 2013-இல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் மூன்றே பொறிகளில் பழக்கிக் காட்டினர். விலை மலிவுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மின்செலவு வேறு கதை. 45 நானோமீட்டர்ச் சில்லில் ஒரு பெருக்கலுக்கு 3.7 பிக்கோஜூல் ஆற்றல் போதும். அதற்கான எண்ணை வெளி நினைவகத்திலிருந்து கொணர 640 வேண்டும். சமையலைவிடக் கடைக்குப் போய்வரும் வண்டிக்கூலி நூற்றெழுபது மடங்கு! எனவே எண்களைச் செயலியின் அருகிலேயே வைப்பதும், 32 பிட் எண்ணை 8 பிட்டாகச் சுருக்குவதும் சிக்கனத்தின் வழிகள்.

இனிப் பங்காளிகளைப் பார்ப்போம். எவரும் பயன்படுத்தத்தக்க ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் கட்டளைத் தொகுதி 2010-இல் பெர்க்கிலியில் தொடங்கியது நமக்கு வாய்ப்பாயிற்று. அதைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி குழுவினர் ‘சக்தி’ செயலிகளை வடிவமைத்தனர். பட்கர் முன்பு பணியாற்றிய திருவனந்தபுரத்து மையம் பின்னர் சி-டாக்கோடு இணைந்தது. அங்கே ‘வேகா’ செயலிகள் உருவாயின. அவற்றுட் சிறியதைக் கொண்ட ‘தேஜஸ் 32’ சில்லு, கையடக்கமான ‘ஏரீஸ்’ பலகைகளில் அமர்ந்திருக்கிறது.

அதன் வேகம் 100 மெகாஹெர்ட்ஸ். உள்நினைவகம் 256 கிலோபைட். எடை ஒன்றுக்கு ஒரு பைட் எனக் கொண்டால், நினைவகம் முழுவதையும் கொடுத்தாலும் இரண்டரை லட்சம் எடைகளுக்குச் சற்று மேல் அடங்கும். டொரான்டோவின் ஆறு கோடிக்கு முன் இது கடுகுதான். ஆனால் சில சொற்களையோ ஓர் ஒலியையோ இனங்காணும் வலைக்கு இரண்டு லட்சம் எடைகள் தாராளம். போதாதெனில் வலையைத் துண்டாக்கி நான்கு பலகைகளில் பரப்பலாம். பலகைக்குப் பலகை எண்கள் நடந்து செல்லும் நேரம்தான் அப்போது இடையூறு. 1986-இல் பெங்களூரில் நான்கு செயலிகளை இணைத்தோரும் இதே இடையூற்றோடுதான் மல்லுக்கட்டினர்.