மலை நீர்த்தேக்கங்களில் டிரவுட் மீன்: தூண்டில் விளையாட்டும் நீர் உரிமையும்

முன்னுரை

மலாயாத் தமிழர் வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பால்மரக் காடு, கங்காணி முறை, கூலி, வேலைநிறுத்தம், குடியுரிமை ஆகியவை பற்றிய ஆய்வுகள் நம்மிடையே பெருகியுள்ளன. உழைப்புக்கு அப்பாற்பட்ட நேரத்தில் யார் எங்கே, எந்த உரிமையோடு பொழுதைக் கழித்தனர் என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. ஓய்வுக்கும் வரலாறு உண்டு. அதற்கும் சட்டமும் வேலியும் இருந்தன.

இவ்வினாவை ஆராய நாம் எடுத்துக்கொண்ட பொருள் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன். தமிழ் மண்ணுக்கு அயலான இம்மீன், ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டுக்காக நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் வழித்தடத்தைத் தொடர்ந்து சென்று, தமிழ்நாட்டுக் கண்மாய்களின் மீன்பிடித் திருவிழாவோடு ஒப்பிட்டு, அவ்வொப்பீடு காப்பார் போன்ற தோட்டப் பகுதிகளின் வரலாற்றுக்கு எவ்வகையில் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை காண முற்படுகின்றது.

விளையாட்டின் பிறப்பிடம்

பொய்ப்பூச்சி கொண்டு டிரவுட் பிடிக்கும் கலை பிரித்தானிய ஆறுகளிலும் ஏரிகளிலும் வளர்ந்தது. இறகும் நூலும் கொண்டு கொக்கியின்மீது கட்டப்படும் சிறு பூச்சியே இதில் இரை. அதற்கு எடை இல்லை. கனமான தூண்டிற் கயிற்றைக் கோலால் வீசி, அதன் விசையாலேயே பூச்சியை நீர்மேல் இறக்குவர். நீருக்கடியில் புழுவாக வாழ்ந்த பூச்சிகள் சிறகு பெற்று மேலெழும் வேளையில் மீன்களும் அவற்றைத் தேடி மேலே வரும். வேனிற்கால மாலையே அதற்கு உகந்த பொழுது. வட அகலக்கோட்டு நாடுகளில் சூன் திங்களில் இரவு ஒன்பது மணியைக் கடந்தும் வெளிச்சம் நிற்கும். பகற்பணி முடித்தவர்கள் சில மணி நேரம் போட்டியிட இயற்கையே இடமளித்தது எனலாம்.

ஸ்காட்லாந்தின் லெவன் ஏரியில் 1880ஆம் ஆண்டு தேசிய அளவிலான தூண்டிற் போட்டி நடைபெற்றது. பின்னர் நகரங்களின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்களும் இவ்விளையாட்டுக் களங்களாயின. பிரிஸ்டல் நகருக்கு நீர் வழங்கிய பிளாக்டன் நீர்த்தேக்கம் 1904இல் தூண்டிலாளர்க்குத் திறந்துவிடப்பட்டது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெற்றவர் மட்டுமே அங்கு மீன் பிடிக்கலாம். குஞ்சுகளை வளர்த்து நீரில் விடுவதும், பிடிக்கும் காலத்தையும் மீனின் அளவையும் வரையறுப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. பொதுப்பணிக்கான நீரில் தனியுரிமை கொண்ட மீன் என்னும் ஏற்பாடு இவ்வாறு வேரூன்றியது.

நீலகிரிக்கு வந்த மீன்

குடியேற்ற நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயர் இவ்விளையாட்டைத் தம்முடன் எடுத்துச் செல்ல விரும்பினர். வெப்பமண்டலக் கடலைக் கடந்து டிரவுட் முட்டைகளை உயிரோடு கொண்டுசெல்வதே பெருந்தடையாக இருந்தது. 1864இல் ஜேம்ஸ் யூல் என்பார் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டி அறையில் வைத்து, 'நார்ஃபோக்' என்னும் கப்பலில் ஏறத்தாழ மூன்று மாதப் பயணமாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அங்கிருந்து டாஸ்மேனியாவை அடைந்த முட்டைகள் பொரித்தன. அதன்பின் இம்முயற்சி பல நாடுகளுக்கும் பரவியது.

நீலகிரி மேட்டுநில ஓடைகளில் தூண்டிலாளர் விரும்பும் பெரிய மீன்கள் இல்லை. சென்னைப் படையின் மருத்துவரும் இந்திய மீனினங்களை ஆராய்ந்தவருமான பிரான்சிஸ் டே, 1860களில் டிரவுட்டை இங்குக் கொணர மேற்கொண்ட முயற்சி பலிக்கவில்லை. எனினும் மீன் நிலைபெறும் முன்பே அதற்கான சட்டம் பிறந்துவிட்டது. 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தடைக்காலமும் உரிமமும் நடைமுறைக்கு வந்தன.

இலங்கை மலைநாட்டில் 1880களிலேயே பழுப்பு டிரவுட் விடப்பட்டது. பின்னர் வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட் அங்கு நன்கு நிலைபெற்றது. இது பழுப்பு டிரவுட்டைவிடச் சற்று மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் இயல்புடையது. நுவரெலியாவை மையமாகக் கொண்டு இலங்கைத் தூண்டிலாளர் கழகம் 1896இல் அமைக்கப்பட்டது. சென்னை அரசின் மீன்வளர்ப்பு வல்லுநராகிய எச். சி. வில்சன் 1907இல் இலங்கையிலிருந்து வானவில் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் நிறுவப்பட்டது. நாற்பதாண்டுக் கால முயற்சி இவ்வாறே ஈடேறியது.

இதே 1907ஆம் ஆண்டில்தான், தமிழ்த் தொழிலாளரை மலாயாவுக்குக் கொணரும் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் வரியாகப் பெற்று நிர்வகிக்க இந்தியர் குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் உயிரினங்களையும் மனிதரையும் தேவைக்கேற்ப ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்த்து நடும் ஒரே ஆட்சி மனப்பான்மையை இரண்டிலும் காண்கின்றோம். காப்பாரின் நிலத்தை மாற்றியமைத்த இரப்பர் மரமும் இதற்கு விலக்கன்று. பிரேசிலிலிருந்து 1876இல் எடுக்கப்பட்ட விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்குப் போயின. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன.

நீர்த்தேக்கங்களும் உழைத்த கைகளும்

தொடக்கத்தில் ஓடைகளில் மட்டுமே இருந்த டிரவுட்டுக்கு நீர்மின் திட்டங்கள் புதிய இடங்களை உருவாக்கித் தந்தன. பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. முக்குருத்தி அணை 1938இல் முடிந்தது. விடுதலைக்குப் பின் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் உருவானது. அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி முதலிய நீர்த்தேக்கங்கள் அதன் விளைவுகளே. பள்ளத்தாக்குகளும் புல்வெளிகளும் நீரில் மூழ்கின. மரக்கறி உணவினராகிய தோடர்க்கு அவை எருமைகளின் மேய்ச்சல் நிலம். அந்நீரில் விடப்பட்ட மீனால் அவர்க்குப் பயனொன்றும் இல்லை.

விளையாட்டின் பொருள்களிலும் தமிழக மலைகளின் பங்கு உண்டு. தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகு பூசியது போன்ற வெண்மஞ்சள் புள்ளிகள் காணப்படும். பொய்ப்பூச்சியில் கட்டும்போது அவை மீனின் கண்ணைப் போலத் தோன்றும். ஆதலால் இவ்விறகுகள் பிரித்தானியச் சந்தைக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயின. பிற்காலத்தில் இந்திய அரசு இவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. மீன் இங்கு வந்தது. இறகு அங்குச் சென்றது. காட்டுக்கோழியைப் பிடித்துத் தந்தவர்களின் பெயர்கள் எந்தக் கழகப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

டிரவுட் வந்த அதே வழியில், அறுபது ஆண்டுகளுக்குப்பின் மனிதரும் வந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை, குடியுரிமையற்ற இலங்கை மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. அவர்களின் மறுவாழ்வுக்கென 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. நுவரெலியாவின் மீனுக்குப் பொரிப்பகமும் காவலும் தடைக்காலமும் காத்திருந்தன. நுவரெலியாவின் மக்களோ தாயகம் என்று சொல்லப்பட்ட மண்ணில் மீண்டும் கொழுந்து பறிப்பவராகவே தம் வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்தது. ஓர் அரசு எதனைப் பேணத் தகுந்தது எனக் கருதுகிறது என்பதை அதன் சட்டங்களின் வரிசையைக் கொண்டே நாம் அறியலாம்.

கண்மாயின் ஒரு நாள்

தமிழரிடையே நீர்நிலையில் கூடி மீன் பிடிக்கும் வேனில் விழா இல்லாமற் போகவில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களின் சிற்றூர்களில் மீன்பிடித் திருவிழா இன்றும் நடைபெறுகின்றது. மழைக்காலத்தில் நிரம்பிய கண்மாய் மாசி முதல் ஆனி வரையிலான திங்களில் வற்றத் தொடங்கும். அதுவரை ஊரார் யாரும் அதில் மீன் பிடிப்பதில்லை. குறித்த நாளில் சுற்றுவட்டார மக்கள் திரண்டு கரையில் நிற்பர். ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் அனைவரும் ஒருசேர நீரில் இறங்குவர். ஊத்தா, கச்சா, தூரி, கொசுவலை என அவரவர் கையிலுள்ளதே கருவி. விராலும் கெளுத்தியும் கெண்டையும் கூடை நிறையும். அன்று பிடித்த மீனை விற்காமல் சமைத்து உண்பதும் உறவினருக்குக் கொடுப்பதும் மரபு. பகிர்ந்துண்டால் மறு ஆண்டு மழை பொய்க்காது என்பது நம்பிக்கை.

நீலகிரியின் உரிம முறையையும் இதனையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டிலும் தடைக்காலம் உண்டு. இரண்டிலும் மீனைக் காக்கும் கட்டுப்பாடு உண்டு. மண்ணின் மக்கள் மீன்வளத்தைக் கண்மூடி அழிப்பவர் என்னும் கருத்து அக்கால ஆங்கில அலுவலரிடையே வலுவாக இருந்தது. நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடைசெய்தது. அத்தடை தேவையற்றது எனக் கூறிவிட இயலாது. ஆனால் ஓராண்டு முழுதும் தம் கண்மாயைத் தாமே காத்து நின்ற ஊர்களின் ஒழுங்கு அவ்வலுவலரின் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. வேறுபாடு காத்தலில் இல்லை. காத்தபின் யாருக்குத் திறந்துவிடுவது என்பதில்தான் உள்ளது. ஒன்று சிலருக்குப் பருவம் முழுவதும் திறக்கும்; மற்றொன்று பலருக்கு ஒரு நாள் திறக்கும்.

கண்மாய் மரபைக் குறையற்றதாகக் காட்டுவது நம் நோக்கமன்று. நீர்நிலை உரிமையில் சாதி வேறுபாடு நெடுங்காலம் ஆட்சி செய்ததை மறைத்தல் தகாது. பல கண்மாய்களின் மீன்பாசி உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுவதும் உண்மை. அத்தகைய குறைகளோடும், மீன் ஊருக்குப் பொது என்னும் எண்ணத்தை இவ்விழா ஆண்டுக்கொரு முறையேனும் நினைவூட்டி வருகின்றது.

காப்பாரிலிருந்து நோக்குகையில்

கிள்ளான் மாவட்டத்தின் கடலோரத் தாழ்நிலப் பகுதி காப்பார். முதலில் காப்பி, பின்னர் இரப்பர், அதன்பின் செம்பனை என இவ்வட்டாரத் தோட்டங்களின் பயிர் மாறியது. சதுப்பும் களிமண்ணுமாகிய இந்நிலத்தில் எப்பயிர் நிற்கவும் நீரை வடிக்க வேண்டும். ஆகவே கரை கட்டுவதும் கான் வெட்டுவதும் தமிழ்த் தொழிலாளரின் முதற்பணிகளாயின. அவர்கள் கண்மாய் உள்ள நாட்டிலிருந்து வந்தவர்கள். நீரைத் தேக்கி வாழ்ந்தவர்கள் இங்கு நீரை வெளியேற்ற உழைத்தனர். ஊர் கூடி இறங்கும் நீர்நிலை இங்கு இல்லை. தோட்டத்துக் கான்களும் குட்டைகளுமே இருந்தன. அவையும் நிர்வாகத்தின் நிலத்தில் இருந்தவை. விராலும் கெளிறும் சப்பானியர் ஆட்சிக்காலத்தில் சாவகத்திலிருந்து வந்த திலாப்பியாவும் லயத்துச் சட்டியை நிறைத்தன. சப்பானியர் கொணர்ந்ததால் அதற்குச் சப்பான் மீன் என்னும் பெயரும் வழங்கிற்று.

துரைமார்க்கான கழகங்கள் தொழிலாளருக்குத் திறக்கப்படவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், ஐரோப்பியர் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்றாக இருந்தது. ஊதியத்தோடு நில்லாமல் வேலை முடிந்தபின் பாதையில் நிமிர்ந்து செல்லும் உரிமையையும் அவர்கள் கேட்டனர். ஓய்வுநேரத்தின் மதிப்பை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

இன்றைய சூழலியல் அறிவு இவ்வரலாற்றுக்கு மேலும் ஒரு கோணத்தைத் தருகின்றது. உலகின் மிகத் தீய 100 ஊடுருவல் உயிரினங்கள் என்னும் பட்டியலில் வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் மொசாம்பிக் திலாப்பியாவும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. துரைமாரின் மீனும் லயத்து மீனும் அங்கு வேறுபாடின்றி நிற்கின்றன. ஆயினும் முதலது சட்டத்தின் காவலோடு விளையாட்டுக்காக வந்தது. மற்றது பஞ்சக் காலத்தில் பசிக்காக வந்தது. வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவரும் இக்காலத்தில், கான்களும் குட்டைகளும் தூர்ந்து வருகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று தூண்டில் போட விழைவோர் கட்டணக் குளங்களை நாடுகின்றனர். அங்குப் பரிசுப் போட்டிகளும் நடைபெறுகின்றன. பணம் செலுத்தினால் எவரும் நுழையலாம் என்பது முன்னேற்றமே. எனினும் விலையின்றிப் பகிர்ந்துகொண்ட நீரின் நினைவு முதியோரிடம் மட்டுமே எஞ்சியுள்ளது. எந்தக் கானில் எந்த மீன் கிடைத்தது, யார் பிடித்தனர், யார் தடுத்தனர், பிடித்ததை எவ்வாறு பங்கிட்டனர் என்னும் செய்திகளைத் தோட்ட வாரியாகத் திரட்டுதல் நம் துறை மாணவர்க்கு உரிய ஆய்வுப் பணியாகும். துரைமாரின் மீனுக்குச் சட்டமும் பொரிப்பகமும் கழகப் பதிவேடும் சான்றாக உள்ளன. லயத்து மீனுக்கு வாய்மொழியே சான்று. அதனைச் சொல்லவல்லோர் இருக்கும்போதே பதிவுசெய்தல் வேண்டும்.