பண்டமாற்றில் பிறந்த பூத்தையல்

தேவர்சோலைத் தேயிலைச் சரிவுகளைத் தாண்டி உதகை மேட்டுக்கு ஏறினால் தோடர் பழங்குடியினரின் ஊர்களான மந்துகள் வரும். அவர்கள் போர்த்தும் பூத்தையல் போர்வையான பூத்துக்குளியை, வெளியுலகம் தொடாத தனிக்கலை என்று பலர் புகழ்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோடர்கள் நெய்பவர்கள் அல்லர். வெள்ளைத் துணி வெளியிலிருந்தே வந்தது. தோடரின் நெய், கோத்தரின் இரும்புக் கருவியும் மண்பாண்டமும், படகரின் தானியம் என்று கைமாற்றிக்கொண்டே நீலகிரி நெடுங்காலம் வாழ்ந்தது. அந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் வைத்துப் பார்த்தால்தான் போர்வை புரியும்.

துணி வேறிடத்தது என்றால் கலை மட்டும் எப்படி அவர்களுடையது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை ஊசிமுனையில் இருக்கிறது. கோடு வரைவதில்லை, சட்டத்தில் பூட்டுவதில்லை. பாவையும் ஊடையையும் விரலால் எண்ணி, சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டுகிறார்கள் பெண்கள். ஓரிழை தப்பினால் வரிசையே சாயும். இருபுறமும் உடுத்தத்தக்க அந்தத் துணியில்தான் இறந்தவரின் உடலையும் போர்த்துகிறார்கள். 2013இல் இந்தப் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காக்கப்படவேண்டியது துணியல்ல, அந்த எண்ணிக்கை என்பதே என் வாதம். இன்று இந்தத் தையல் மேசைவிரிப்பிலும் கைப்பையிலும் ஏறியிருக்கிறது.