இருமுறை உதித்த சூரியன்

யூபிலி விழாவுக்கென்று தூர தேசங்களிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து நாம் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரப் பயணம்?" என்பதே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர். 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் குவாண்டாஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்று இத்தூரத்தை எங்கும் இறங்காமல் சுமார் பதினேழு மணி நேரத்தில் கடந்தது. அந்தப் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. அதில் நம் இலங்கைத் தீவுக்கும் இடம் உண்டு என்பது பலரும் அறியாத செய்தி.

இரண்டாம் உலகப் போருக்கு முன், சிட்னியிலிருந்து இங்கிலாந்து செல்லும் கடல் விமானங்கள் சிங்கப்பூர் வழியாகப் பல ஊர்களில் இறங்கி இறங்கி, ஏறக்குறைய பத்து நாளில் போய்ச் சேர்ந்தன. 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பாதை அறுந்தது. போர்முனையிலிருந்த மகனின் கடிதத்துக்காகத் தாய்மார் கப்பல் தபாலையே நம்பியிருக்க வேண்டிய காலம் அது.

அறுந்த பாதையை மீண்டும் இணைக்க, 1943 ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் துணிகரமான ஒரு வழியைக் கண்டது. பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கிளம்பி, இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டி, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் இறங்குவது! தூரம் 5,600 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் இறங்க இடமில்லை. இதற்கென வந்தவை ஐந்து கட்டலீனா கடல் விமானங்கள். ஆயுதம் கிடையாது. எதிரி கேட்டுவிடக் கூடாதென்று வானொலியும் மௌனம். வானத்து நட்சத்திரங்களைப் பார்த்தே மாலுமி வழி கணித்தார். விமானங்களுக்கும் ரைகல், வேகா, அல்டேர், அண்டாரிஸ், ஸ்பைகா என்று நட்சத்திரப் பெயர்களையே சூட்டியிருந்தார்கள், பொருத்தமான பெயர்கள்தாம்.

மேலதிக எரிபொருள் ஏற்றியதால் வேறு சுமைக்கு இடம் சுருங்கிற்று. மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவே. புறப்பட்டு முதற் பல மணி நேரத்துக்குள் ஒரு எஞ்சின் நின்றிருந்தால், மற்றதைக் கொண்டு அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்க முடியாது. ஆயினும் 1945 வரை 271 முறை கடலைக் கடந்தும், ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே பயணம் 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்டது. இன்றைய ஜெட் விமானம் அதே தூரத்தை ஏழு மணிக்குள் முடித்துவிடும். கட்டலீனாவில் சென்றவர்களோ வானத்திலேயே இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். அதற்குச் சாட்சியாக, 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. கொக்கலையில் இறங்கியவர்களும் தபாலும் கராச்சி வழியாக மேற்கே போயினர்.

போர் முடிந்தது. அவ்விமானங்கள் அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை. ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள்.