ஒத்து ஊதுறது அவ்வளவு லேசா?

நான் பேக்பைப் கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. அரியலூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில ஊதினா, "வெள்ளைக்காரன் வாத்தியம் உனக்கு எதுக்குப்பா?"ன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க.

ஆனா இது நமக்குப் புதுசு இல்ல. ஆட்டுத்தோல் பையில் காற்றை நிரப்பி, கக்கத்தில் இடுக்கி, ஒரே சுருதியை விடாமல் கொடுக்கும் துத்தி நம்மிடமும் இருந்தது. சதிர்க் கச்சேரியில் ஆடுபவருக்குப் பின்னால் நின்று ஊதுவார்கள். 1891இல் கேப்டன் சி. ஆர். டே எழுதிய தென்னிந்திய இசை நூலில் இது 'சுருதி உபாங்கம்' என்று வருகிறது. பிறகு சுருதிப்பெட்டி வந்தது, துத்தி ஒதுங்கியது.

நாகசுரத்துக்குச் சுருதி தருவது ஒத்து. அதில் பை கிடையாது. கன்னம்தான் பை, காற்றை அங்கே தேக்கி, ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். எங்க தாத்தா பெரம்பலூர் பக்கத்துக் கோயில் திருவிழாக்கள்ல ஒத்து ஊதினவர். "சும்மா ஒத்து ஊதாதீங்க தாத்தா"ன்னு ஒருநாள் அவர்கிட்டயே சொல்லிச் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

பேக்பைப்பில் மொத்தமே ஒன்பது சுரம். விரல் சீக்கிரம் பழகிடுச்சு. பைதான் படியல. மூச்சு வாங்கும்போது கை சரியா அழுத்தணும்; கொஞ்சம் பிசகினாலும் சுருதி ஆடிடும். எனக்கு ரெண்டு நிமிஷம் நிக்கல. தாத்தா சாமி ஊர்வலம் முடியுற வரைக்கும் நிறுத்தினார்.

மன்னிப்பு கேக்க இப்போ அவர் இல்ல. நீங்க அடுத்த தடவை யாரையாவது 'ஒத்து ஊதுறான்'னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரே சுரத்தை ரெண்டு நிமிஷம் பிடிச்சுப் பாருங்க.