களவும் ஈடும்: காவல் முறை முதல் இணையக் கணக்கு மீட்பு வரை

முன்னுரை

களவுபோன இணையக் கணக்கை மீட்டுப் பாதுகாப்பது பெரிதும் தொழில்நுட்பச் செயலாகவே பேசப்படுகிறது. இழப்பை யார் ஏற்பது என்னும் வினா அதற்குள் மறைந்துவிடுகிறது. மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் பெருவழியை ஒட்டிய நிலப்பகுதிக்கு இவ்வினா புதிதன்று. அதற்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

காவலும் பேட்டையும்

ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெறுவதற்கு முன் தென்தமிழகத்தில் தலக்காவல், தேசக்காவல் என இருநிலைக் காவல் வழங்கியது. ஊரார் காவற்காரருக்குக் காவற்கூலி அளித்தனர். பொருள் களவுபோனால் அதை மீட்டுத் தருவதும், இயலாதபோது அதன் மதிப்பை ஈடுசெய்வதும் காவற்காரரின் கடமை. காவற்காரரே களவுக்கு உடந்தையாவதும் உண்டு. ஆயினும் காவலுக்குக் கூலி பெறுபவரே இழப்புக்கும் பொறுப்பாவார் என்னும் நெறி இம்முறையின் அடிப்படையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினி அரசு இதனை நீக்க முற்பட்ட பின்னரும் நடைமுறையில் அது நெடுங்காலம் நீடித்தது.

அந்நூற்றாண்டிலேயே அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுபட்டி, சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் சரக்கைக் காக்கப் பேட்டைகளை அமைத்தனர். மகமை என்னும் பொதுநிதியும் திரட்டினர். பாதுகாப்புச் செலவு இவ்வாறு அனைவருக்கும் பொதுவாயிற்று.

கடவுச்சொல்லும் தனியாள் பொறுப்பும்

கணினியில் கடவுச்சொல் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. பலர் ஒரே கணினியைப் பகிர்ந்ததால் ஒவ்வொருவரின் கோப்பையும் பிரித்துக்காக்க அது தேவைப்பட்டது. பின்னாளில் அதே கடவுச்சொல் பணத்துக்கும் பூட்டாகியது. அப்போது, கடவுச்சொல்லை இழந்தவரே பொருளையும் இழக்க வேண்டும் என்னும் வாதம் எழுந்தது.

இவ்வாதம் தமிழ்நாட்டில் சோதனைக்கு உள்ளானது. 2007இல், வங்கி அனுப்பியது போன்ற போலி மின்னஞ்சலை நம்பி விவரங்களை அளித்த தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் களவுபோனது. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி தீர்ப்பு அலுவலராக விளங்கிய மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், வங்கி தன் பாதுகாப்புக் கடமையில் தவறியதாகக் கண்டு, 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010 ஏப்ரலில் ஆணையிட்டார். ஏமாந்தவரின் பிழை, காப்பவரின் கடமையை அழித்துவிடாது என்பதே அவ்வாணையின் சாரம்.

காலக்கெடு

இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் நாள் சுற்றறிக்கை இப்பொறுப்பை வரையறுத்தது. பிழை வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இன்றி வேறிடத்தில் நிகழ்ந்து, மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு நாள்கள் எனில் அவர் ஏற்கும் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. கடவுச்சொல்லை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேரும் இழப்பு அவருடையது. அதன்பின் நேர்வது வங்கியுடையது. மெய்ப்பிக்கும் சுமை வங்கியைச் சாரும்.

எனவே மீட்பின் முதற்செயல் வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் உடன் தெரிவிப்பதாகும். அடுத்தது மின்னஞ்சல். பிற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேயே வந்துசேர்வதால், அது பிறர் கையில் இருக்கும்வரை ஏனையவற்றை மாற்றிப் பயனில்லை. புதிய கடவுச்சொல் இட்டு, பிற கருவிகளிலுள்ள நுழைவுகளைத் துண்டித்து, மீட்பு எண்ணையும் அஞ்சலைத் திருப்பிவிடும் அமைப்பையும் சரிபார்த்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குதல் வேண்டும்.

முடிவுரை

2017 நெறி முழுமையானதன்று. சிவகாசிப் பட்டாசு விற்பதாகக் கூறும் போலி இணையத்தளத்துக்குத் தாமே பணம் அனுப்பியவர் அதன் காப்புக்குள் எளிதில் வருவதில்லை. காவற்காரர் பொருளின் மதிப்பையே ஈடாகத் தர வேண்டியிருந்தது. இன்றைய நெறியோ வாடிக்கையாளர் எத்தனை நாளில் அறிந்தார், அறிவித்தார் என்பதைக் கொண்டு ஈட்டை அளக்கிறது. காரியாபட்டி போன்ற சிற்றூர்களில் பிறர் துணையுடன் கைப்பேசி வங்கிச்சேவையைக் கையாளும் முதியவருக்கு மூன்று நாள் என்பது குறுகிய காலம். காவற்கூலி பெறுபவர் பொறுப்பேற்க வேண்டும் என்னும் பழைய நெறியின் அளவுகோலில், இன்றைய ஏற்பாடு பாதிவழியே வந்துள்ளது.