பொக்காளி வயல்களும் உவர்நீர் வேளாண்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் பயிராகும் உவர்தாங்கு நெல் பொக்காளி. மலையாளத்தில் ‘பொக்கம்’ என்பது உயரத்தைக் குறிக்கும்; ஆளுயரத்திற்கு மேல் வளரும் இந்நெல்லுக்கு அதனால் இப்பெயர் அமைந்தது என்பர். 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் பண்டைய முசிறியோடு தொடர்புபடுத்தப்படும் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தை விரித்தது என்பது வரலாற்று வழக்கு. இவ்வயல்களின் தோற்றத்தை அவ்வெள்ளத்தோடு இணைக்கும் மரபும் உண்டு. அதற்கு நேரடிச் சான்று காட்டுவது அரிது; எனினும் ஆறும் கடலும் இடம் மாற்றிய மண்ணில் உருவான வேளாண்மை இது என்பதில் ஐயமில்லை.

இதன் நுட்பம் உவரை எதிர்ப்பதில் இல்லை, அது வடியும் காலத்தை அறிந்து பயன்கொள்வதில் உள்ளது. கோடையில் வயலை வடித்து, வரம்பைச் செப்பனிட்டு, மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிப்பர். சூன் மழை மேடுகளின் உப்பைக் கழுவியபின் முளைகட்டிய விதையை அவற்றின்மீது தூவுவர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் மேட்டை வெட்டி, நாற்றை மண்கட்டியோடு வயலெங்கும் பரப்புவர். உரமிடும் வழக்கமில்லை, ஓதநீர் கொணரும் வண்டலே உரம். அறுவடையில் கதிரை மட்டும் கொய்து தாளை நீரிலேயே விடுவர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தூம்பு வழியே ஓதத்துடன் புகும் இறால்குஞ்சுகள் அழுகும் தாளைச் சார்ந்து வளரும். (நீர்மடையைக் குறிக்கும் தூம்பு தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொல்.) நெல் பொய்த்த ஆண்டில் சிறு உழவனை இறால் காத்தது.

இவ்வேளாண்மையைத் தனி உழவனின் திறமாக மட்டும் காண்பது பிழையாகும். 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தின்பின் வயல்கள் பலர்க்கு உரியவாயின. வரம்பும் தூம்புமோ பிரிக்க இயலாதவை. எனவே நீரை அடைப்பதும் திறப்பதும் பாடசேகரக் குழுவின் முடிவாயிற்று. இறால் விலை உயர்ந்தபோது சிக்கல் இங்குதான் எழுந்தது. ஆண்டு முழுதும் இறால் வளர்க்க விரும்புவோர் உவர்நீரை வடிக்காவிடின் அண்டை வயலில் நெல் விதைக்க இயலாது. மேடு கட்டவும் கதிர் கொய்யவும் இடுப்பளவு நீரில் நின்ற பெண்தொழிலாளர்க்கு அதனால் வேலையும் போயிற்று. ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்னும் அரசின் கொள்கை இப்பூசலைத் தீர்க்க முற்பட்டதேயாகும்.

இதற்கிடையே விதை உலகெங்கும் சென்றது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.29 வகையோடு பொக்காளியைக் கலந்து உருவாக்கிய வழித்தோன்றல்களில், உவர்தாங்கும் ‘சால்டால்’ மரபுக்கூறு முதலாம் குரோமோசோமில் இனங்காணப்பட்டது. பல நாடுகளின் நெல்வகைகளில் அது சேர்க்கப்பட்டுள்ளது. 2008-09இல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. ஆயினும் பயிராகும் பரப்பு தொடர்ந்து சுருங்கியே வந்துள்ளது. மழை பிந்தினால் மேட்டின் உப்பு கழுவப்படுவதில்லை. அண்மை ஆண்டுகளில் ஓதவெள்ளமோ வரம்பைக் கடந்து வைப்பின் பகுதி வீடுகளுக்குள்ளும் புகுகின்றது. உவர்தாங்கும் விதை இன்று ஆய்வகங்களில் காக்கப்படுகின்றது. அதை விதைக்க வரம்பு கட்டும் கூட்டுழைப்பைக் காக்கும் ஏற்பாடு அத்துணை வலுப்பெறவில்லை.