ஒரு குன்றும் மூன்று தலைவரும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் காலனி இளைஞர்கள் நிகழ்த்திய சொற்போரை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "போர்க்களம் கண்டவரே நாடாளத் தக்கவர்" என்பது பொருள். ஒரு சாரார், பிற நாடுகளில் படைப்பணி புரிந்து பின்னர் ஆட்சிக்கு வந்தோரை வரிசையாக எடுத்துரைத்தனர். மற்றொரு சாரார், 2004ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் ஜான் கெர்ரி என்பார் வியட்நாம் போரில் பெற்ற பதக்கங்களைக் குறித்து எழுந்த பூசலைச் சுட்டி, "பதக்கமும் வாக்கு வேட்டைக்குத்தானே?" என்று எள்ளினர், போர்க்களமே காணாத காந்தியடிகளைத் தம் பக்கத்துச் சான்றாக நிறுத்தினர். நடுவராக அமர்ந்திருந்த நான், இரு திறத்தாரும் நன்கு பேசினர் என்று பொதுப்படக் கூறித் தப்பித்துக்கொண்டேன். மேடையை விட்டு இறங்கும்போது எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி என் கையைப் பற்றி, "மாமா, கடைசியில் யார்தான் வீரர்? நீங்கள் சொல்லவே இல்லையே!" என்று கேட்டாள்.

அக்கேள்வி ஓராண்டாக என்னை விடவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, பேரேடுகளோடு காலங்கழிக்கும் எழுத்தன் நான். வரலாற்றுப் புலவன் அல்லன். எனினும் அன்று மேடையில் ஒரு பிழை நேர்ந்ததை மட்டும் அறிவேன். காந்தியடிகள் போர்க்களம் காணாதவர் என்று இரு திறத்தாருமே எண்ணிப் பேசினர். அஃது உண்மையன்று. அவர் கண்ட போர்க்களத்தைப் பற்றிச் சொன்னால் சிறுமியின் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன்.

குன்று

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டுகேலா ஆற்றுக்கு வடக்கே, ஸ்பியன் கொப் என்றொரு குன்று உண்டு. ஆங்கிலேயருக்கும், டச்சு வழியினரான போயர்களுக்கும் 1899 அக்டோபரில் போர் மூண்டது. போயர்கள் லேடிஸ்மித் நகரை முற்றுகையிட்டனர். அந்நகரை மீட்கும் பொருட்டு ஆங்கிலப் படையொன்று இரவோடிரவாக இக்குன்றின்மேல் ஏறிற்று. 1900 ஜனவரி 24ஆம் நாள் காலையில் மூடுபனி விலகியபோதுதான், சுற்றியுள்ள மேடுகளிலிருந்து போயர்கள் சுடுவதற்கு வாகான இடத்தில், பதுங்குகுழி தோண்டவும் இடந்தராத பாறை நிலத்தில், தாம் அகப்பட்டிருப்பதைப் படையினர் உணர்ந்தனர். பகலெல்லாம் குண்டு பொழிந்தது. அன்றிரவே குன்றைக் கைவிட்டு இறங்கினர். ஆங்கிலேயர் தரப்பில் மாண்டவர் மட்டும் இருநூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர்.

அன்று அக்குன்றைச் சுற்றி மூன்று பேர் இருந்தனர். போயர் படையை நடத்தியவர் லூயி போத்தா. பத்தாண்டு கழித்து, 1910இல், தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதற் பிரதமரானவர். ஆங்கிலப் படையில் லெப்டினன்டாகவும் பத்திரிகை நிருபராகவும் ஒருங்கே இருந்து, குன்றின்மேல் ஏறிச் செய்தி கொண்டு சென்றவர் இருபத்தைந்து வயது வின்ஸ்டன் சர்ச்சில். காயமுற்றோரைச் சுமக்கும் இந்தியப் படையோடு நின்றவர் முப்பது வயது பாரிஸ்டர் காந்தி. மூவரும் பிற்காலத்தில் நாடுகளின் தலைவிதியை மாற்றினர். மூவருடைய கதையிலும் நாம் பெயரறியாத வேறு சிலரும் இருக்கின்றனர்.

ரயில் வண்டியும் டிரைவரும்

முதலில் சர்ச்சிலின் கதை. ரயில்வே காலனியில் வாழும் நமக்கு அது மிக நெருங்கிய கதை.

ஸ்பியன் கொப் சமருக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1899 நவம்பர் 15ஆம் நாள், இரும்புக் கவசமிட்ட ரயில் வண்டியொன்றில் ஆங்கிலச் சிப்பாய்கள் உளவறியச் சென்றனர். நிருபராகச் சர்ச்சிலும் உடன் சென்றார். திரும்பும் வழியில் போயர்கள் தண்டவாளத்தில் கல்லிட்டு வைத்தனர். முன்னே சென்ற பெட்டிகள் மோதித் தடம் புரண்டன. நடுவில் இருந்த எஞ்சின் மட்டும் பாதையிலேயே நின்றது. குன்றுகளிலிருந்து பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கின. நிருபருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆயினும் சர்ச்சில் முன்வந்து, எஞ்சினைக் கொண்டே கவிழ்ந்த பெட்டிகளை இடித்துத் தள்ளி வழி உண்டாக்கும் பணியை ஏற்றார். ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் குண்டுமழையில் நின்று அதனைச் செய்து முடித்தார். அவர் அஞ்சாநெஞ்சர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் எஞ்சினை ஓட்டியவர் யார்? சார்லஸ் வாக்னர் என்னும் டிரைவர். தலையில் குண்டுச் சிதறல் பட்டுக் குருதி வழிய, தாம் சிப்பாய் அல்லர் என்றும், சாவதற்காகத் தமக்குச் சம்பளம் தரவில்லை என்றும் கூறி அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். அதில் தவறென்ன? சர்ச்சில் அவரைத் தேற்றி, இப்பணியை முடித்தால் உமது வீரம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று வாக்களித்தார். வாக்னர் குருதியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் எஞ்சினில் ஏறினார். அவரும் பயர்மேன் ஸ்டூவர்ட்டும் அங்கே நின்றமையால்தான், காயமுற்றோரைச் சுமந்துகொண்டு எஞ்சின் தப்பிற்று.

சர்ச்சில் சிறைப்பட்டார். டிசம்பர் 12ஆம் நாள் இரவு பிரிட்டோரியாச் சிறையிலிருந்து தப்பி, சரக்கு வண்டியில் ஒளிந்தும், ஆங்கிலேயர் ஒருவர் மேற்பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தில் பதுங்கியும், கம்பளி மூட்டைகளுக்கிடையே கிடந்தும் போர்ச்சுக்கீசியர் எல்லையை அடைந்தார். டிக்கெட் இன்றிச் சென்ற பயணங்களில் உலகப்புகழ் பெற்றது இதுவாகவே இருக்கும்! 1899 ஜூலையில் ஓல்டாம் தொகுதியில் தோற்றிருந்தவர், 1900 அக்டோபரில் அதே தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். போர்ப்புகழே அவரைத் தூக்கிச் சென்றது.

டிரைவர் வாக்னருக்கோ, பயர்மேன் ஸ்டூவர்ட்டுக்கோ அவ்வாண்டு ஒன்றும் கிட்டவில்லை. 1910இல் சர்ச்சில் உள்துறை அமைச்சரான பின்னரே, இருவருக்கும் ஆல்பர்ட் பதக்கம் வழங்குமாறு மன்னருக்குப் பரிந்துரைத்தார். பத்தாண்டு கழிந்தும் வாக்கை மறவாதது அவருக்குப் பெருமை. அதே நேரத்தில், அன்றைய நண்பர் அமைச்சராகாமற் போயிருந்தால் அந்த டிரைவரை யார் நினைத்திருப்பர் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

ஆயிரத்து நூறு பேர்

இனி, குன்றின் அடிவாரத்துக்கு வருவோம். இந்தியர் பணம் சேர்க்கவே வந்தவர், ஆபத்துக் காலத்தில் ஆங்கிலேயருக்கு வீண்சுமை என்பது நேட்டால் வெள்ளையரின் பழிச்சொல். தம் உள்ளம் போயர்பால் இரங்கியதாகக் காந்தியடிகளே எழுதியுள்ளார். எனினும், குடிமக்களுக்குரிய உரிமையைக் கேட்பவர் குடிமக்களுக்குரிய கடமையையும் ஏற்க வேண்டும் என்று கருதி அவர் இந்திய மருத்துவத் தொண்டர் படையை அமைத்தார். அதில் ஏறத்தாழ ஆயிரத்து நூறு பேர் இருந்தனர். அவர்களுள் முந்நூறு பேரே சுதந்திர இந்தியர். எஞ்சியோர் ஒப்பந்தக் கூலிகள்.

யார் இந்த ஒப்பந்தக் கூலிகள்? 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அது முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியோரே அவர்களுள் மிகப் பலர். கப்பற் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டனர்.

துப்பாக்கிக் குண்டு எட்டும் எல்லைக்குள் செல்ல வேண்டியதில்லை என்பது தொண்டர் படைக்குரிய நிபந்தனை. ஸ்பியன் கொப்பில் தோல்வி நேர்ந்தபோது, கட்டாயமில்லை எனினும் களத்துக்குள் வந்து காயமுற்றோரை எடுத்துச் சென்றால் நன்றியுடையோம் என்று தளபதி புல்லரிடமிருந்து செய்தி வந்தது. தயங்காது சென்றனர். தலையில் குண்டேறிய தளபதி உட்கேட் போன்றோரை டோலியிற் கிடத்தி, நாளொன்றுக்கு இருபது இருபத்தைந்து மைல் தோளிற் சுமந்தனர். படைத்தலைவர் தம் அறிக்கையில் பாராட்டினார். தொண்டர்தலைவர் முப்பத்தெழுவருக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது. டோலி தூக்கிய நூற்றுக்கணக்கான தோள்களுக்கு ஒன்றும் இல்லை.

அவர்களுள் ஒரு கூலியின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. முற்றுகையுண்ட லேடிஸ்மித் நகருக்குள் பிரபுசிங் என்னும் ஒப்பந்தக் கூலி இருந்தார். எதிரே குன்றின்மேல் போயர்களின் பெரும் பீரங்கி. அது வெடிப்பதற்கும் குண்டு வந்து விழுவதற்கும் சிறிது இடைவெளி உண்டு. பிரபுசிங் மரத்தின்மேல் அமர்ந்து, பீரங்கியின் தீச்சுடரைக் கண்டவுடன் மணியடிப்பார், ஊரார் பதுங்குவர். ஊரெல்லாம் ஒளிய, அவர் ஒருவரே மரத்தில் இருப்பார். ஒரு முறையும் அவர் தவறவில்லை என்று நகரைக் காத்த அதிகாரி பாராட்டினார். செய்தி கர்சன் பிரபுவை எட்டிற்று; அவர் காஷ்மீர அங்கியொன்றை அனுப்ப, டர்பன் நகரத் தலைவர் அதனைப் பொதுக்கூட்டத்தில் அளித்தார். எவரையும் சிறியர் என்று இகழலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சியைக் காந்தியடிகள் தம் நூலில் சான்றாக எழுதிவைத்தார்.

தளபதி ஆண்ட நாடு

போத்தாவும் கலப்பற்ற வீரரே. எண்ணிக்கையில் மிகுந்த படையை எதிர்த்து நின்றவர். ஆனால் அவர் பிரதமராக இருந்தபோதுதான், 1913இல், ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களின் நில உரிமையைச் சிறு பகுதிக்குள் அடைத்த சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மேல் நேட்டாலில் விதித்திருந்த மூன்று பவுன் தலைவரியையும் அவர் ஆட்சி நீக்க மறுத்தது. சர்ச்சிலோ, இந்திய விடுதலையை 1930களில் கடுமையாக எதிர்த்தார். களத்தில் காட்டிய நெஞ்சுரம் அரியணையில் நீதியாக மாறும் என்பதற்கு உறுதியில்லை. துணிவு ஒரு குணம். நீதி வேறொரு குணம். முன்னதைக் காட்டிப் பின்னதற்குச் சான்றிதழ் கேட்பது முறையன்று. நம் இளைஞர் பேசிய பொருளுக்கு அன்றே நான் கூறியிருக்க வேண்டிய தீர்ப்பு இதுதான்.

காந்தியடிகளையும் இவ்வளவைக்கே உட்படுத்த வேண்டும். 1906இல் ஜூலு மக்களின் கிளர்ச்சியை அரசு அடக்கியபோது, சார்ஜன்ட் மேஜர் என்னும் பதவியுடன் இருபத்து நான்கு பேர் கொண்ட தொண்டர் குழுவை அவர் நடத்தினார். அவர்களுள் மிகப் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்து ஒப்பந்தம் முடிந்தவர்கள். கசையடியால் புண்பட்டுக் கிடந்த ஜூலு மக்களுக்கு வெள்ளையர் மருந்திட மறுக்க, இவர்களே புண்களைக் கழுவிக் கட்டினர். ஆயினும், பேரரசின் பக்கம் நின்றது பிழையே என்று அவரைக் குறை கூறுவோர் இன்றும் உளர். அக்குறையை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. அவர் செய்தது ஒன்று: 1920 ஆகஸ்டு முதல் நாள், போயர் போர்ப் பதக்கம், ஜூலு போர்ப் பதக்கம், கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் மூன்றையும் அரசப் பிரதிநிதியிடம் திருப்பி அனுப்பினார். பதக்கத்தைப் பெறுவதற்கு வேண்டியதினும் மிகுந்த துணிவு அதனைத் துறப்பதற்கு வேண்டும்.

பதக்கமில்லாத பெயர்

அந்த மூன்று பவுன் வரியை எதிர்த்த 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண் சிறை புகுந்தாள். தில்லையாடி வள்ளியம்மை. மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல். அங்கே கொடுங்காய்ச்சல் கண்டது. எலும்பும் தோலுமாக வெளிவந்தவளைக் கண்டு, சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்க, மீண்டும் செல்லவும் ஆயத்தம் என்றாள். 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தாள். வயது பதினாறு. அவ்வாண்டே வரி நீங்கிற்று. அவளிடம் துப்பாக்கியும் இல்லை, டோலியும் இல்லை.

நம் முன்னோர் வீரர்க்கு நடுகல் நாட்டினர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காத்து மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. உடன் நின்ற நாயின் பெயரையும் மறவாத மரபு நம்முடையது.

இவ்விடத்தில் என் குறையொன்றையும் கூறிவிடுகிறேன். என் தந்தையார் ரயில்வேயில் கேங்மேன். பள்ளியில் உடன் பயின்ற ஒருவனின் தந்தை ராணுவ வீரர். குடியரசு நாளில் அவர் பதக்கங்களோடு வரும்போது, என் தந்தையின் வேலையை யாரேனும் கேட்டால் நான் மழுப்பிவிடுவேன். மழைக்கால இரவுகளில் கைவிளக்கோடு மைல் கணக்கில் பாதை பார்த்து நடந்தவர் அவர். ஒரு நாள், பாலத்தருகே மண் அரித்துச் சென்றிருப்பதைக் கண்டு, சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்தினார். காலையில் வீடு வந்து, பழைய சோறு உண்டு உறங்கிவிட்டார். அவ்வண்டியில் இருந்தோர் அவர் பெயரை அறியார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. மழுப்பியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

குழந்தாய், நீ கேட்டதற்கு விடை இதுதான். ஒருவரை வீரர் என்று பிறர் கூறும்போது மூன்று கேள்விகளைக் கேள். ஓடிவிடக்கூடிய இடத்தில் அவர் நின்றாரா? யாருக்காக நின்றார்? உடன் நின்றவரை மறவாதிருந்தாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், அவர் அமைச்சராயினும் எஞ்சின் டிரைவராயினும் வணங்கு. பின்னர் வீட்டுக்குச் சென்று, உன் பாட்டனார் என்ன வேலை பார்த்தார் என்று உன் தந்தையிடம் கேள்.